என் கணினியில் ஓடுகிறதே!

பைத்தானில் ஓர் இணையச் செயலியை எழுதுவது இன்று பெரிய வித்தை அல்ல. ஜாங்கோவையோ பிளாஸ்க்கையோ நிறுவி ஒரு கட்டளை கொடுத்தால் சில நிமிடங்களில் பிரௌசரில் பக்கம் தெரியும். தலைவலி அதற்குப் பிறகுதான். மடிக்கணினியில் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிய நிரல், சர்வருக்குப் போன முதல் நாளே படுத்துவிடுகிறது. “என் மெஷின்ல ஓடுதே” என்று நிரலாளர் சொல்வது பொய்யும் அல்ல. அங்கே ஓடியது அவர் எழுதிய வரிகள் மட்டுமல்ல. அடியில் இருந்த பைத்தான் பதிப்பு, லைப்ரரிகள், தரவுத்தளம், இயங்குதளம் எல்லாம் சேர்ந்துதான். சர்வருக்கு அவர் அனுப்பியதோ மேலடுக்கை மட்டும். இரண்டு சூழல்களும் முடிந்தவரை ஒத்திருக்க வேண்டும் என்று ஹெரோக்கு நிறுவனத்தின் ஆடம் விக்கின்ஸ் 2011-இல் ‘ட்வெல்வ் ஃபேக்டர் ஆப்’ ஆவணத்தில் எழுதினார். அதைப் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள் என்பதே என் வாதம். ஒத்திருக்க வேண்டிய பதிப்புகளை வேறுபட விடுகிறார்கள். பிரித்து வைக்க வேண்டிய தரவையும் கடவுச்சொற்களையும் ஒன்றாகக் கலக்கிறார்கள்.

பதிப்புகளைப் பார்ப்போம். 2022 பிப்ரவரியில் மார்க்கப்சேஃப் என்ற சின்ன லைப்ரரி 2.1.0 பதிப்புக்கு மாறியபோது, பழைய செயல்கூறு ஒன்றை நீக்கியது. பிளாஸ்க் பயன்படுத்தும் ஜிஞ்சாவின் பழைய பதிப்புகள் அந்தச் செயல்கூறை நம்பியிருந்தன. ஒரு வரிகூட மாற்றாத செயலிகள், சர்வரில் புதிதாக நிறுவப்பட்டதும் ‘இம்போர்ட் எரர்’ காட்டி நின்றன. அவற்றில் பலவற்றின் ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பில் ஜிஞ்சாவின் எண் சரியாகவே இருந்தது. அதன் கீழே இருந்த மார்க்கப்சேஃபின் எண்தான் இல்லை. நாம் கேட்டு வாங்கும் லைப்ரரியைப் போலவே அது இழுத்து வரும் லைப்ரரிகளையும் எண் போட்டுப் பூட்டினால்தான் அது பூட்டு. பைத்தான் 3.3 முதல் கூடவே வரும் ‘வென்வ்’ ஒவ்வொரு செயலிக்கும் தனி அறை கொடுக்கிறது. அறைக்குள் என்ன இருக்கிறது என்ற முழுப் பட்டியலை பிப்-டூல்ஸ், யூவி போன்ற கருவிகள் எழுதித் தருகின்றன.

தரவுத்தளத்தில் ஏமாற்றம் இன்னும் நுட்பமானது. ஜாங்கோவில் புதுத் திட்டம் தொடங்கினால் எஸ்கியூலைட் தானாக அமைகிறது; சர்வரில் பெரும்பாலும் போஸ்ட்கிரஸ் இருக்கும். பெயருக்கு அதிகபட்சம் 10 எழுத்து என்று நெடுவரிசை அமைத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ‘திருநாவுக்கரசு’ நம் கண்ணுக்கு 8 எழுத்து. ஆனால் துணைக்குறிகளும் புள்ளியும் யூனிகோடில் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் கணினிக்கு அது 14. எஸ்கியூலைட் இந்த நீள வரம்பைப் பொருட்படுத்தாமல் வாங்கி வைத்துக்கொள்ளும். போஸ்ட்கிரஸ் பிழை சொல்லித் திருப்பி அனுப்பும். படிவம் வழியாக வந்தால் ஜாங்கோவே தடுத்துவிடும் என்பது உண்மை. ஒரு கோப்பிலிருந்து பெயர்களை மொத்தமாக ஏற்றும்போது அந்தச் சோதனை நடப்பதில்லை. ஆங்கிலப் பெயர்களை மட்டும் போட்டுச் சோதித்தவருக்கு இது தமிழ்ப் பயனர்கள் வந்த பிறகே தெரியவரும்.

சர்வர் அமைப்பிலும் இதே கதை. ஜாங்கோவின் ‘ரன்சர்வர்’ உருவாக்கும் வேலைக்கு மட்டுமே. பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வேண்டாம் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. ரன்சர்வரில் கோரிக்கைகளுக்குப் பதில் சொல்வது ஒரே ஒரு செயல்முறை. சர்வரில் அதற்குப் பதிலாக வைக்கப்படும் குனிகார்ன் பல செயல்முறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுகிறது. அவற்றின் நினைவகம் தனித்தனி. உள்நுழைந்தவர்களின் பட்டியலை ஒரு பொது மாறியில் வைத்திருந்தால், மடிக்கணினியில் எல்லாம் சரியாக இருக்கும். சர்வரிலோ ஒரு கிளிக்கில் உள்ளே இருப்பவர், அடுத்த கிளிக்கில் வெளியே. ஆகவே உருவாக்கும்போதே அவ்வப்போது இரண்டு மூன்று செயல்முறைகளோடு குனிகார்னை ஓட்டிப் பார்ப்பது நல்லது. மெதுவான இணைப்புகளைத் தாங்கிக்கொள்ள முன்னால் நிற்கும் எஞ்சின்எக்ஸை மடிக்கணினியில் வைக்காவிட்டாலும் குடிமுழுகிவிடாது.

எல்லாம் ஒன்றாக இருந்தால் ஆபத்தில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2015 செப்டம்பரில் அமெரிக்காவின் பேட்ரியான் தளத்துக்குள் ஊடுருவல் நடந்தது. பொதுவெளிக்குத் திறந்து கிடந்த டீபக் பதிப்பு வழியாக அது நடந்தது என்றும், அந்த டெவலப்மென்ட் சர்வரில் உண்மைத் தரவுத்தளத்தின் நகல் இருந்தது என்றும் நிறுவனமே அறிவித்தது. ஒத்திருக்க வேண்டியது இயந்திரம், தரவு அல்ல. சோதனைக்குக் கற்பனைத் தரவு போதும். கடவுச்சொற்கள் நிரலில் இல்லாமல் சூழல் மாறிகளில் இருக்கட்டும்.

இன்னொரு மறுப்பு: சிறிய செயலிக்கு இவ்வளவு ஏற்பாடா? 2013 மார்ச்சில் கலிபோர்னியாவில் நடந்த பைத்தான் மாநாட்டில், ஐந்து நிமிடப் பேச்சு ஒன்றில் சாலமன் ஹைக்ஸ் அறிமுகப்படுத்திய டாக்கர், முழு அடுக்கையும் ஒரே பொதியாகக் கட்டித் தருகிறது. ஆனால் ரேம் குறைவான கணினியில் அது திணறக்கூடும். ஒருவர் மட்டும் எழுதும் செயலிக்கு அது தேவை என்றும் நான் சொல்லமாட்டேன். பூட்டிய லைப்ரரிப் பட்டியல், இரு பக்கமும் ஒரே தரவுத்தளம் ஆகிய இரண்டையும் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. இவற்றுக்குப் பணச் செலவு இல்லை. முதல் நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் முடிந்துவிடும். ஜாங்கோவில் ‘செக்’ கட்டளையோடு ‘டிப்ளாய்’ என்ற விருப்பத்தைச் சேர்த்தால், டீபக் திறந்திருப்பது உட்படப் பல ஓட்டைகளை அதுவே சுட்டிக்காட்டும். தளத்தை ஊருக்குத் திறக்கும் முன், சர்வருக்கான அமைப்புக் கோப்போடு அதை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.