விறகு என்றால் வெறும் மரக்கட்டையா?

விருத்தாசலம் என்றதுமே பீங்கான் பொம்மையும் அகல் விளக்கும்தான் ஞாபகத்துக்கு வரும். மண்ணைப் பீங்கானாக்குவது நெருப்பு. இன்று அதற்கு எண்ணெய், கேஸ் எல்லாம் வந்துவிட்டன. ஆனால், குயவர் சூளைக்குப் பழைய தீனி விறகுதான். நல்லூர் பக்கத்துக் கிராமங்களில் கேஸ் வந்த பிறகும் வெந்நீர் வைக்கப் பின்கட்டில் ஒரு விறகடுப்பு இருக்கும்.

இந்த 'விறகு' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். நிற்கும்போது மரம். வெட்டிப் போட்டால் கட்டை. அறுத்தால் பலகை. எரிக்க என்று முடிவான பிறகுதான் அது விறகு! அதாவது, இது பொருளின் பெயரல்ல; வேலையின் பெயர். ஆங்கிலத்தில் நெருப்பு, மரம் என்று இரண்டு சொற்களை ஒட்டித்தான் இதைச் சொல்ல முடிகிறது. தமிழுக்கு ஒன்றே போதும். மலையாளத்திலும் இதே விறகுதான். தெலுங்கில் 'கட்டெலு' என்பார்கள். நம் கட்டைக்குச் சொந்தக்காரர்.

சொல்லும் புதிதல்ல. விறகெடுக்கப் போனவருக்குத் தற்செயலாகப் பொன் கிடைத்ததைப் புறநானூறு உவமையாகச் சொல்கிறது. திருவிளையாடல் புராணத்தில் பாணபத்திரருக்காகச் சிவபெருமானே மதுரைத் தெருவில் விறகு விற்கிறார். 1965-ல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் அந்த விறகுவெட்டியாக சிவாஜியைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

விறகுக்குக் குடும்பமும் பெரிசு. பொறுக்கி எடுக்கும் குச்சி சுள்ளி. எரிந்துகொண்டிருப்பது கொள்ளி. அதனால்தான் 'கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொண்ட கதை' என்கிறோம். சங்க காலத்தில் கொள்ளிக்கு 'ஞெகிழி' என்றும் பெயர். இப்போது பிளாஸ்டிக்கை நெகிழி என்கிறோம். கிட்டத்தட்ட அதே ஒலி, ஆனால் அதை அடுப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள்!

இன்னொரு வேடிக்கை பக்கத்திலேயே இருக்கிறது. விருத்தாசலத்தைத் தாண்டிக் கிழக்கே போனால் நெய்வேலி. 1956-ல் தொடங்கிய நிறுவனம் அங்கே வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரிக்கு லிக்னைட் என்று பெயர். மூலம், லத்தீன் மொழியின் 'லிக்னம்'. அதற்கு அர்த்தம் விறகு! வீடு கட்டும் மரத்துக்கு அவர்கள் வைத்த பெயர் வேறு, 'மெட்டீரியா'. லிக்னம் என்பதற்குப் 'பொறுக்கிச் சேர்த்தது' என்று வேர்ப்பொருள் சொல்கிறார்கள். நம் ஊர் சுள்ளி பொறுக்குவதேதான். மண்ணுக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த மரஞ்செடிகள்தான் லிக்னைட் என்பதால், பெயர் கச்சிதமாகப் பொருந்துகிறது.

பாட்டிமார்களுக்கு விறகின் ஜாதகமே தெரியும். கருவேல விறகு என்றால் தணல் நெடுநேரம் நிற்கும். சவுக்கு நன்றாகப் பிடிக்கும். முருங்கையை அடுப்புப் பக்கமே கொண்டுவர மாட்டார்கள். ஈர விறகு மாட்டிக்கொண்டால் ஊதுகுழலும் கையுமாகக் கண் சிவக்க உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அந்தப் புகையை 'மண்வாசனை' என்று கொண்டாட எனக்கு மனசு வரவில்லை. வீட்டுக்குள் அடுப்புப் புகை உண்டாக்கும் காற்று மாசால் 2020-ல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அடுப்புக்கு மிக அருகில் இருப்பவர்கள் பெண்களும் அவர்கள் இடுப்பிலிருக்கும் குழந்தைகளும்தான். 2016-ல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் கோடிக்கணக்கான வீடுகளுக்கு கேஸ் இணைப்பு வந்தது. ஆனாலும், சிலிண்டர் தீர்ந்து கையில் காசில்லாத வாரத்தில் மறுபடி சுள்ளி பொறுக்கக் கிளம்புகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் 'எந்த விறகு எதற்கு ஆகும்?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் சீக்கிரம் முடியாது!