மழையில் மீன்பிடிக்கச் செல்வோர்க்கு ஏற்ற உடை

வார இறுதி நாள்களிலும் பள்ளி விடுமுறைக் காலத்திலும் தூண்டிலும் கையுமாக நீர்நிலைகளை நாடிச் செல்வோர் நம் நாட்டில் பலர். பேராக்கிலுள்ள தெமெங்கோர் ஏரி, திரங்கானுவிலுள்ள கென்யிர் ஏரி, மயில்மீனுக்குப் பெயர்பெற்ற பகாங்கின் ரொம்பின் கடற்பகுதி என அவர்களை ஈர்க்கும் இடங்களுக்கும் குறைவில்லை. இப்பயணங்களுக்குப் புறப்படுவோர் தூண்டில் கோல், கயிறு, முள், இரை ஆகியவற்றைப் பார்த்துப் பார்த்து எடுத்து வைப்பர். மழையங்கியோ பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் நினைவுக்கு வரும். கடையில் கண்ணில் பட்ட மெல்லிய நெகிழி அங்கி ஒன்றை வாங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு புறப்பட்டுவிடுவோரும் உளர். நனையாமல் இருப்பது வசதிக்காக மட்டும் அன்று. கரையிலிருந்து வெகுதொலைவில் இருப்பவருக்கு அது உடல்நலத்தையும் உயிரையும் காக்கும் செயலாகும். எனவே, மழையங்கியைத் தேர்ந்தெடுக்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதை அறிந்திருத்தல் நன்று.

நம் நாட்டு மழை

எந்த மழைக்காக உடை வாங்குகிறோம் என்பதே முதலில் தெளிவாக வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தான், திரங்கானு, பகாங், கிழக்கு ஜொகூர் ஆகிய பகுதிகளில் கனத்த மழையைப் பொழிவிக்கும். நாள் கணக்கில் மழை நீடிப்பதும் உண்டு. கடலும் கொந்தளிப்பாக இருக்கும். அக்காலத்தில் கிழக்குக் கரையில் சிறு படகில் கடலுக்குச் செல்வது ஆபத்தானது. எத்தகைய உடையும் அந்த ஆபத்தைப் போக்கிவிடாது.

இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் நிலைமை வேறு. காலையில் வெயில் சுட்டெரிக்கும். பிற்பகலில் மேகம் திரண்டு, இடி மின்னலுடன் மழை கொட்டித் தீர்க்கும். மே மாத இறுதி முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், சுமத்ரா பக்கமிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் சூறைக்காற்று மேற்குக் கரையைத் தாக்குவதுண்டு. அது பெரும்பாலும் விடியலுக்கு முன்னரோ காலை வேளையிலோ வரும். மீன்பிடிப்போர் படகில் புறப்படும் நேரமும் அதுவே. ஆகவே, நமக்குத் தேவைப்படுவது குளிர்நாட்டு மழைக்கான தடித்த உடை அன்று. வெயிலில் பைக்குள் அடக்கமாக இருக்கவும், மழை வந்தவுடன் நொடியில் அணிந்துகொள்ளவும், காற்றுடன் வீசும் சாரலைத் தடுக்கவும் வல்ல உடையே நமக்கு ஏற்றது.

நனைந்தால் என்ன?

‘வெப்பநாட்டில் நனைந்தால் என்ன? சற்று நேரத்தில் காய்ந்துவிடுமே!’ என்று சிலர் எண்ணலாம். நீர் ஆவியாகும்போது உடலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஈரத்துணியின் மீது காற்று வீச வீச, இவ்வெப்ப இழப்பு விரைவடைகிறது. ஓடும் படகில் நனைந்த சட்டையுடன் ஒரு மணி நேரம் அமர்ந்திருப்பவர் நம் நாட்டிலும் வெடவெடவென நடுங்குவார். விரல்கள் மரத்துப்போகும், முடிச்சுப் போடவும் கயிற்றைப் பிடிக்கவும் முடியாது. நடுக்கம் முற்றினால் சிந்தனையும் தடுமாறும். அத்தகைய நிலையில் படகு ஓட்டுபவர் எடுக்கும் தவறான முடிவு அனைவரையும் ஆபத்தில் தள்ளிவிடக்கூடும். சிறுவர்களின் உடல் பெரியவர்களின் உடலைவிட விரைவில் குளிர்ந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

துணி எப்படி நீரைத் தடுக்கிறது?

மழையங்கியின் வரலாற்றில் ரப்பருக்குத் தனியிடம் உண்டு. 1823ஆம் ஆண்டில் சார்ல்ஸ் மாக்கின்டோஷ் எனும் ஸ்காட்லாந்து வேதியியலர் இரண்டு துணிகளுக்கு இடையே ரப்பர்க் கரைசலைப் பூசி, நீர்புகாத் துணிக்குக் காப்புரிமை பெற்றார். மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் தோன்றுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னர் நடந்தது இது. அவருடைய துணி மழையைத் தடுத்தது; ஆனால், வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது.

இன்று கடைகளில் கிடைக்கும் மழையங்கிகளை மூவகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, பிவிசி எனப்படும் நெகிழியால் ஆனது. மோட்டார்சைக்கிளோட்டிகள் பலர் இதனையே பயன்படுத்துகின்றனர். இது நீரை முற்றிலும் தடுக்கும், விலையும் குறைவு. ஆயினும், காற்றோ நீராவியோ இதனூடே செல்ல இயலாது. இரண்டாம் வகை, நைலான் அல்லது பாலியெஸ்டர் துணியின் உட்புறத்தில் பாலியூரித்தேன் பூசப்பட்டது. இது இலேசானது, சிறியதாக மடித்து வைக்கலாம். மூன்றாம் வகை, நுண்துளைகள் கொண்ட மெல்லிய படலம் ஒன்றைத் துணியோடு ஒட்டிச் செய்யப்படுவது. 1969ஆம் ஆண்டில் அமெரிக்கரான ராபர்ட் கோர் கண்டறிந்த முறையிலிருந்து உருவான கோர்-டெக்ஸ் இவ்வகையில் புகழ்பெற்றது. இப்படலத்தின் துளைகள் மழைத்துளி நுழைய முடியாத அளவு சிறியவை. ஆனால், வியர்வையின் நீராவி வெளியேறப் போதுமானவை.

துணியின் நீர்தடுப்புத் திறனை மில்லிமீட்டரில் குறிப்பிடுவர். துணியின் மேல் நீரை நிரப்பிக்கொண்டே செல்லும்போது, எவ்வளவு உயரத்தில் நீர் கசியத் தொடங்குகிறது என்பதே அவ்வளவு. 10,000 மில்லிமீட்டர் எனக் குறிக்கப்பட்ட துணி, 10 மீட்டர் உயர நீரின் அழுத்தத்தைத் தாங்கும். அங்கிக்கு இவ்வளவு தேவையா எனக் கேட்கலாம். மேலிருந்து விழும் மழைத்துளியின் அழுத்தம் குறைவுதான். ஆனால், ஈரமான படகுப் பலகையில் அமரும்போதும், முழங்காலிடும்போதும் உடலின் எடை நீரைத் துணிக்குள் அழுத்துகிறது. எனவே, மேலங்கியைக் காட்டிலும் காற்சட்டைக்கு இந்த அளவு மிக இன்றியமையாதது.

வியர்வை எனும் சிக்கல்

விலையுயர்ந்த அங்கியே சிறந்தது என்று முடிவெடுத்துவிடக் கூடாது. நுண்துளைப் படலத்தின் வழியே நீராவி வெளியேற வேண்டுமாயின், அங்கியின் உட்புறத்தைவிட வெளிப்புறத்தில் ஈரப்பதம் குறைவாக இருக்க வேண்டும். குளிர்ந்த நாடுகளில் இது எளிதாக நிகழ்கிறது. நம் நாட்டிலோ வெளிக்காற்றே வெப்பமும் ஈரமும் நிறைந்தது. எனவே, படலம் தன் வேலையை ஓரளவே செய்யும். மழையில் நனையாதவர் வியர்வையில் நனைந்துபோவார்.

இதற்குத் தீர்வு காற்றோட்டம். அக்குள் பகுதியில் திறந்து மூடும் ஜிப், முதுகில் மடிப்பால் மறைக்கப்பட்ட காற்றுத் திறப்பு, உடலோடு ஒட்டாத தளர்வான வெட்டு ஆகியவை உள்ள நடுத்தர விலை அங்கி, காற்றோட்டமே இல்லாத விலையுயர்ந்த அங்கியைவிட நமக்கு நன்கு பயன்படும். உள்ளே அணியும் சட்டையும் முக்கியம். பருத்திச் சட்டையும் ஜீன்சும் நீரை உறிஞ்சி, கனத்து, நெடுநேரம் காயாமல் இருக்கும். விளையாட்டாளர்கள் அணிவது போன்ற மெல்லிய பாலியெஸ்டர் சட்டை விரைவில் காய்ந்துவிடும்.

தையலும் அமைப்பும்

துணி நல்லதாக இருந்தாலும் தையல் சரியில்லை என்றால் பயனில்லை. ஊசி குத்திய ஒவ்வொரு துளையும் நீர் புகும் வழியாகும். அங்கியை உட்புறமாகத் திருப்பிப் பார்த்தால், நல்ல அங்கிகளில் தையல்களின் மேல் நீர்புகாப் பட்டை ஒட்டப்பட்டிருப்பதைக் காணலாம். முன்புற ஜிப்பை மூடும் வகையில் துணி மடிப்பு ஒன்றும் இருக்க வேண்டும்.

மீன்பிடிப்பவரின் கைகள் ஓயாமல் மேலெழுந்து தாழ்கின்றன. தூண்டிலை வீசக் கையை உயர்த்தும்போதெல்லாம், மணிக்கட்டில் வழியும் நீர் முழங்கை வரை உள்ளே இறங்கும். மோட்டார்சைக்கிள் ஓட்டும்போது பயன்படும் சாதாரண மழையங்கி இங்குத்தான் தோற்றுப்போகிறது. மணிக்கட்டை இறுக்கும் ஒட்டுப்பட்டையோ, கையோடு ஒட்டிய உட்பட்டையோ உள்ள அங்கியே இதற்குப் பொருத்தமானது. தலைமூடி முகத்தின் முன்னே சற்று நீண்டிருக்க வேண்டும். தலையைத் திருப்பும்போது அதனோடு சேர்ந்து திரும்பவும் வேண்டும். இல்லாவிடில், பக்கவாட்டில் வரும் படகோ அலையோ கண்ணுக்குத் தெரியாது.

படகில் செல்வோர் கவனத்திற்கு

ஆற்றங்கரையில் அமர்ந்து தூண்டில் போடுபவருக்குப் போர்வைபோல் தொங்கும் போன்சோ போதும். படகில் அது கூடாது. காற்றில் படபடத்து முகத்தை மூடும்; தூண்டில் முள்ளில் மாட்டிக்கொள்ளும்; நீரில் விழுந்தால் கைகால்களைச் சுற்றிக்கொள்ளும். படகில் செல்வோருக்கு மேலங்கி, காற்சட்டை எனத் தனித்தனியே இருக்கும் உடையே பாதுகாப்பானது. முழங்கால் வரையிலான ரப்பர்க் காலணியில் நீர் நிரம்பினால், நீந்துவதும் படகில் மீண்டும் ஏறுவதும் கடினம். எளிதில் கழற்றக்கூடிய, வழுக்காத காலணியே நல்லது.

உயிர்காப்பு அங்கியை எப்போதும் மழையங்கியின் மேல்தான் அணிய வேண்டும். நீரில் விழுந்தவுடன் காற்றடைத்துக்கொள்ளும் வகையை மழையங்கிக்குள் அணிந்தால், அது சரியாக விரிய இடமிருக்காது. அணிந்தவரின் மார்பையும் அழுத்தும். எனவே, மழையங்கி வாங்கச் செல்லும்போதே உயிர்காப்பு அங்கியையும் உடன் கொண்டுசென்று, இரண்டையும் அணிந்து, கைகளை உயர்த்தியும் குனிந்தும் பார்ப்பது சிறந்தது.

நிறமும் அழகுக்காக மட்டும் அன்று. சாம்பல், நீலம், கரும்பச்சை ஆகிய நிறங்கள் மழையில் நீரோடும் காட்டோடும் கலந்து மறைந்துவிடும். செம்மஞ்சள், மஞ்சள் நிறங்களைத் தொலைவிலிருந்தும் அடையாளம் காணலாம். ஒளியை எதிரொளிக்கும் பட்டைகள் இருந்தால், விடியலுக்கு முன்னும் இருட்டிய பின்னும் தேடுவோர் கண்ணில் விரைவில் படும்.

பராமரிக்கும் முறை

கடல்நீர் பட்ட அங்கியை வீடு திரும்பியதும் நன்னீரில் அலச வேண்டும். உப்பு தங்கினால் உலோக ஜிப் துருப்பிடிக்கும். துணியின் மேற்பூச்சும் திறன் இழக்கும். துணிகளை மென்மையாக்கும் திரவத்தை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அலசிய பின் நிழலில் தொங்கவிட்டு, முழுமையாகக் காய்ந்த பிறகே மடிக்க வேண்டும். ஈரமான அங்கியைச் சுருட்டிக் காரின் பின்பெட்டியில் வாரக்கணக்கில் போட்டுவைத்தால், வெப்பமும் ஈரமும் சேர்ந்து பாலியூரித்தேன் பூச்சைச் சிதைத்துவிடும். பூச்சு பிசுபிசுத்து உரியத் தொடங்கிய அங்கியை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் அங்கியின் மீது ஒரு குவளை நீரை ஊற்றிப் பார்க்கலாம். நீர் முத்து முத்தாக உருண்டோடினால் நல்லது. துணியில் ஊறிப் பரவினால், கடைகளில் கிடைக்கும் நீர்தடுப்புத் தெளிப்பானைக் கொண்டு மேற்பூச்சைப் புதுப்பிக்க வேண்டும்.

அங்கியால் காக்க முடியாதவை

எவ்வளவு சிறந்த மழையங்கியும் மின்னலைத் தடுக்காது. இடி மின்னல் மிகுதியாக நிகழும் நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. திறந்த ஏரியின் நடுவில் படகில் இருப்பவரே அங்கு உயர்ந்து தெரியும் பொருளாகிவிடுகிறார். இன்றைய தூண்டில் கோல்கள் பலவும் மின்சாரத்தைக் கடத்தும் கரியிழையால் ஆனவை. அதனை உயர்த்திப் பிடித்திருப்பது ஆபத்தை இன்னும் கூட்டும்.

ஒலி ஏறத்தாழ மூன்று நொடிகளில் ஒரு கிலோமீட்டர் செல்கிறது. மின்னலைக் கண்டதற்கும் இடியைக் கேட்டதற்கும் இடையே 30 நொடிகளுக்குக் குறைவாக இருந்தால், மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். உடனே கோலைக் கீழே வைத்துவிட்டுக் கரை சேர்ந்து, உறுதியான கட்டடத்திற்குள்ளோ காருக்குள்ளோ செல்ல வேண்டும்; மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. கடைசி இடியோசை கேட்டு 30 நிமிடங்கள் கழிந்த பின்னரே வெளியே வரலாம்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள் நம் முன்னோர். புறப்படும் முன் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் முன்னறிவிப்பைப் பார்ப்பதும், செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டாரிடம் சொல்லிச் செல்வதும் அத்தகைய அணைகளே. நல்ல மழையங்கி, திடீர் மழையில் நம்மைக் கரை சேரும்வரை காத்து நிற்கும். அதை அணிந்திருக்கும் துணிவில் புயல் மேகத்தின் அடியில் இன்னும் ஒரு முறை தூண்டில் வீச நினைப்பது அறிவுடைமை ஆகாது. இன்று பிடிபடாத மீனை அடுத்த வாரமும் பிடித்துக்கொள்ளலாம்.