அலைவுகாட்டியால் கட்டமும் துடிப்பு நேரமும் அளத்தல்

அலைவுகாட்டி என்பது மின்னழுத்தம் நேரத்தோடு மாறும் விதத்தைத் திரையில் வரைந்து காட்டும் கருவி ஆகும். திரையின் நெடுக்கு அச்சு மின்னழுத்தத்தையும் கிடை அச்சு நேரத்தையும் குறிக்கும். கட்ட வேறுபாடு, துடிப்பின் அகலம், எழுநேரம் ஆகியவை கிடை அச்சிலுள்ள தொலைவிலிருந்து கணக்கிடப்படுகின்றன. அந்தத் தொலைவில், கருவியும் இணைப்புக் கம்பியும் சேர்த்த நேரமும் கலந்திருக்கலாம். அதைப் பிரித்தறியாவிட்டால் அளவீடு பிழையாகும்.

கட்ட வேறுபாடு

ஒரே அதிர்வெண் கொண்ட இரு சைன் அலைகளில் ஒன்று மற்றதைவிட எவ்வளவு முந்துகிறது அல்லது பிந்துகிறது என்பதே கட்ட வேறுபாடு. இரண்டையும் அலைவுகாட்டியின் இரு உள்ளீடுகளில் இணைத்து, இரண்டின் சுழிக்கோட்டையும் திரையின் நடுக்கோட்டில் பொருத்த வேண்டும். டிரிகர் ஒரே உள்ளீட்டிலிருந்து எடுக்கப்பட வேண்டும். பின்பு, இரு அலைகளும் மேல்நோக்கிச் செல்கையில் நடுக்கோட்டைக் கடக்கும் புள்ளிகளுக்கு இடையிலான நேரத்தை அளக்க வேண்டும். அலையின் முகடு தட்டையாக இருப்பதால், முகடுகளை வைத்து அளப்பது அவ்வளவு துல்லியமாக அமையாது.

கட்ட வேறுபாடு = 360° × (நேர இடைவெளி ÷ அலைவுநேரம்)

எடுத்துக்காட்டாக, 1 கிலோ ஓம் மின்தடையையும் 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியையும் தொடராக இணைத்து, 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையைச் செலுத்துவோம். மின்தேக்கியின் மின்னழுத்தம் உள்ளீட்டைவிட ஏறத்தாழ 89 மைக்ரோ நொடி பிந்தும். அலைவுநேரம் 1000 மைக்ரோ நொடி என்பதால் கட்ட வேறுபாடு சுமார் 32° ஆகும்.

லிசாஜு உருவம்

எக்ஸ்–ஒய் முறையில் ஓர் அலை கிடையாகவும் மற்றது நெடுக்காகவும் ஒளிப்புள்ளியை நகர்த்தும். கட்ட வேறுபாடு 0° எனில் வலப்புறம் உயரும் சாய்கோடும், 180° எனில் இடப்புறம் உயரும் சாய்கோடும் தோன்றும். வீச்சுகள் சமமாக இருந்து வேறுபாடு 90° ஆனால் வட்டம் தோன்றும். மற்றக் கோணங்களில் நீள்வட்டம் உண்டாகும். நடுவில் வைக்கப்பட்ட நீள்வட்டம் நெடுக்கு அச்சை வெட்டும் உயரத்தை அதன் பெரும உயரத்தால் வகுத்தால் கட்டக் கோணத்தின் சைன் மதிப்பு கிடைக்கும். எந்த அலை முந்துகிறது என்பதை நிலையான இவ்வுருவம் மட்டும் காட்டாது.

துடிப்பு நேரங்கள்

- துடிப்பு அகலம்: ஏறும் விளிம்பிலும் இறங்கும் விளிம்பிலும் 50% உயரத்திலுள்ள புள்ளிகளுக்கு இடையிலான நேரம்.
- எழுநேரம்: துடிப்பு 10% உயரத்திலிருந்து 90% உயரத்தை அடையும் நேரம்.
- பணிச் சுழற்சி: துடிப்பு அகலத்தை அலைவுநேரத்தால் வகுத்துச் சதவீதமாகக் கூறுவது. 20 மில்லி நொடிக்கு ஒருமுறை வரும் 1.5 மில்லி நொடித் துடிப்பின் பணிச் சுழற்சி 7.5%.

பொம்மை விமானங்களிலும் சிறு ரோபோக்களிலும் உள்ள செர்வோ மோட்டார் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதை இத்தகைய துடிப்பின் அகலமே முடிவு செய்கிறது.

கருவி சேர்க்கும் நேரம்

அலைவுகாட்டிக்கும் ஓர் எழுநேரம் உண்டு. அது தோராயமாக 0.35-ஐ அலைவரிசை அகலத்தால் வகுத்துக் கிடைக்கும் மதிப்பாகும். 100 மெகாஹெர்ட்ஸ் கருவிக்கு இது 3.5 நானோ நொடி. திரையில் காணும் எழுநேரத்தின் வர்க்கம், துடிப்பு மற்றும் கருவி ஆகியவற்றின் எழுநேர வர்க்கங்களின் கூட்டுத்தொகைக்கு ஏறக்குறையச் சமம். எனவே இக்கருவியில் 5 நானோ நொடி என்று தெரிந்தால், துடிப்பின் உண்மையான எழுநேரம் சுமார் 3.6 நானோ நொடியே.

கம்பியின் நீளமும் கணக்கில் சேரும். ஓரச்சு வடத்தில் சைகை ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 5 நானோ நொடி ஆகிறது. ஒரு வடம் மற்றதைவிட ஒரு மீட்டர் நீளமாக இருந்தால், 1 கிலோஹெர்ட்ஸில் அது பொருட்டல்ல. 10 மெகாஹெர்ட்ஸிலோ 18° பிழையாகிவிடும்.

ஆகவே அளக்கும் முன் இரு உள்ளீடுகளையும் ஒரே புள்ளியில் இணைத்துப் பார்க்க வேண்டும். இரு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்த வேண்டும். அப்போது தெரியும் இடைவெளி எதுவாயினும் அது கருவியும் வடமும் உண்டாக்குவது. பின்னர் வரும் அளவீட்டிலிருந்து அதைக் கழித்துவிட வேண்டும்.