கோல் கையில் நிற்க

நவராத்திரி நெருங்கிவிட்டது. வீட்டில் கொலு ஒருபக்கம் இருக்க, இங்கே அகமதாபாத்தில் நம் பிள்ளைகளுக்குத் தாண்டியா ஆட்டத்தில்தான் கண். நம் கோலாட்டத்துக்கு உறவு போன்ற ஆட்டம் என்பதில் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் வட்டத்தில் ஒரு கோல் கைநழுவிப் பறந்தால், எதிரே ஆடும் குழந்தையின் கண்ணுக்கு ஆபத்து.

"இறுக்கிப் பிடி" என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். அது போதாது. பாட்டு முழுவதும் இறுக்கிப் பிடித்தால் முன்கை சோர்ந்துவிடும். சோர்ந்த கை கோலை நழுவவிடும். ரயில் பாதையில் சுத்தியல் வீசிப் பழகிய தொழிலாளிக்கு இது தெரியும். ஓங்கும்போது பிடியில் சற்றுத் தளர்வு, அடிபடும் கணத்தில் இறுக்கம். கோலுக்கும் அதுவே. சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் மூன்றும் பிடிக்கட்டும், கட்டைவிரல் பக்கவாட்டில் அணைக்கட்டும், மணிக்கட்டு இளகியிருக்கட்டும்.

எங்கே தட்டுவது என்பதற்கும் கணக்கு உண்டு. சீரான பருமனுள்ள 18 அங்குலக் கோலை அடியிலிருந்து 2 அங்குலத்தில் பிடித்தால், கைக்கு மேலே சுமார் 11 அங்குலத்தில் தட்டும்போது கைக்கு அதிர்ச்சி மிகக் குறைவு. நுனியில் தட்டினால் கோல் கையை உதறும்.

வார்னிஷ் பூசிய கோல் வியர்வையில் வழுக்கும். பிடிக்கும் இடத்தில் பருத்தி நாடாவை அழுத்திச் சுற்றுங்கள். இடுப்பில் ஒரு கைக்குட்டை இருக்கட்டும். சிறுவர்களுக்குத் தனி வட்டம் அமையுங்கள். கோல் கீழே விழுந்தால் நடுவில் குனிந்து எடுக்கக் கூடாது, வட்டத்தை விட்டு விலகி நிற்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.