கல் வெட்டிய குழியில் உயிர் தங்குமா?

தஞ்சோங் காராங் வயல்களில் கால்வாய்க் கரையோரம் சிறு சிறு துளைகளைக் கண்டிருப்பீர்கள். சில எலி வளை. சில மீன்கொத்தியின் வீடு. கரை செங்குத்தாக நின்றால்தான் அப்பறவைக்குக் குடியிருப்பு வசதி. பஞ்சுருட்டானும் மணலில் வளை தோண்டி, அதன் கோடியில்தான் முட்டையிடும்.

ஆகவே, மணல் எடுப்பவர் தோண்டி முடித்த ஒரு பக்கத்தைக் குஞ்சுகள் பறக்கும்வரை தொடாமல் விட்டால் போதும். இங்கிலாந்தில் மணல் தகைவிலான் என்னும் குருவிக்காக இப்படித்தான் செய்கிறார்கள். பெரிய செலவில்லை; லாரியை மறுபக்கம் திருப்ப வேண்டும், அவ்வளவே.

நீர் நின்ற குழியின் கதை வேறு. கரை கிணறுபோல் இறங்கினால் நாணல் முளைக்காது. தவறி விழுந்த பிள்ளையும் கரையேற முடியாது. கரையைச் சரிவாக்கிவிட்டால் இரண்டு ஆபத்தும் குறையும். டெங்கில் அருகே உள்ள பாயா இண்டா, பழைய ஈயக்குட்டைகள் நிறைந்த இடம்தான். இன்று அங்கே நீலத் தாழைக்கோழிகள் கூட்டமாக மேய்கின்றன.

குழி, பூமியின் பழங்கணக்கையும் திறந்து காட்டும். பேராக்கில் கம்பார் பக்கம் ஈயத்துக்காக மேல்மண்ணை வாரியபோது, அடியில் சுண்ணாம்புப் பாறை தெரிந்தது. அதில் 25 கோடி ஆண்டுக்கும் முந்திய கடலுயிர்களின் தடங்கள்! டி. சுந்தரலிங்கம் என்ற புவியியலாளர் அப்பாறைகளை ஆராய்ந்து 1968இல் எழுதினார். எச்.எஸ். லீ, நாம் லூங் என்று சுரங்கங்களின் பெயரையே பாறை அடுக்குகளுக்கு வைத்தார். சுரங்கம் தோண்டாவிட்டால் அவை கண்ணில் பட்டிரா. ஆனால் தோண்டியவர் ஒரு முகத்தையாவது மூடாமல் விட்டால்தான் பின்னால் வருகிறவரும் பார்க்கலாம்.

இத்தனையும் சொன்னதால், எந்த மலையையும் வெட்டலாம் என்று பொருளல்ல. பத்துமலைக் குகைகளில் பூந்தேன் உண்ணும் வௌவால்கள் வாழ்கின்றன. அவை இரவில் 30 கிலோமீட்டருக்கு மேல் பறந்து, கடலோரச் சதுப்பு மரங்களின் பூவைத் தேடிப் போவதை 1970களில் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். நம் கோலசிலாங்கூர் மின்மினிகள் மின்னும் பெரெம்பாங் மரமும் அந்த மரங்களின் இனமே. டுரியான், பெத்தாய் பூக்களில் மகரந்தம் சேர்ப்பவையும் இவ்வௌவால்களே. மணற்கரையை மறுபடி வெட்டி நிறுத்தலாம். நீர் பன்னெடுங்காலம் அரித்துச் செய்த குகையை எந்த இயந்திரமும் செய்து தராது.

சுண்ணாம்புக் குன்றுக்கு உரிமம் கொடுக்குமுன், பொழுது சாயும் நேரத்தில் ஓர் அதிகாரி குகை வாயிலில் சில நாள் நின்று பார்க்கட்டும். உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்பது அப்போதே பெருமளவு தெரிந்துவிடும்.