தல விருட்சம் வாடும்போது...

மூலவரை வணங்கிய பின் தல விருட்சத்தை வலம் வருவது முன்னோர் வகுத்த வழி. காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலின் மாமரமும் திருவானைக்காவின் வெண்ணாவலும் இறைவனோடு சேர்த்தே போற்றப்படுகின்றன. அத்தகைய மரத்தின் கிளைகள் நுனியிலிருந்து காயத் தொடங்கினால், வயதாகிவிட்டது என்று கோடரியைத் தேடுவோர் உண்டு. ஏதோ தோஷம் என்று அஞ்சுவோரும் உண்டு. இரண்டும் அவசர முடிவுகளே. நோயின் காரணத்தை முதலில் ஆராயச் சொல்கிறது திருக்குறளின் 'மருந்து' அதிகாரம். அது மரத்திற்கும் பொருந்தும்.

உயிர் உள்ளதா?

இலை உதிர்ந்த கிளையெல்லாம் பட்ட கிளை அன்று. சிறு கிளையின் பட்டையை நகத்தால் சற்றே சுரண்டினால், உள்ளே பசுமையும் ஈரமும் இருப்பின் உயிர் உண்டு. பழுப்பாக உலர்ந்திருப்பின் அவ்விடம் பட்டுவிட்டது.

மழைக்காலத்தில் வேம்பின் இளங்குச்சிகள் தீப்பட்டாற்போல் கருகுவதைப் பலரும் கண்டிருப்பர். இது பெரும்பாலும் பூஞ்சை நோய். தேயிலைக் கொசு என்னும் சாறு உறிஞ்சும் பூச்சியாலும் இவ்வாறு நேரும். முதிர்ந்த மரங்கள் பல, கோடைத் தொடக்கத்தில் மீண்டும் தளிர்க்கின்றன. அதுவரை பொறுத்திருப்பதே அறம்.

வாட்டம் சொல்லும் செய்தி

ஒரு கிளை மட்டும் காய்ந்தால் அக்கிளையில் காயம் உண்டா, துளையும் மரத்தூளும் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். தூள் உதிர்ந்தால் உள்ளே துளைப்பான் புழு இருக்கலாம். ஆண்டுதோறும் இலைகள் சிறுத்து, உச்சி முழுவதும் மெலிந்தால், குறை பெரும்பாலும் வேரில் உள்ளது. அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்தால் உள்ளே அழுகல் இருக்கலாம். இலை பசுமையாக இருந்தாலும் அம்மரம் சாயக்கூடும். உடனே வனத்துறையினரிடம் காட்டுவது நலம்.

அன்பே சுமையாகும் இடம்

நீரை உறிஞ்சும் நுண்வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் சுமார் 2 அடி ஆழத்திற்குள்ளேயே பரவியுள்ளது. அடிமரம் வரை சிமெண்ட் தளம் போட்டால் அவ்வேர்களுக்கு நீரும் காற்றும் கிட்டுவதில்லை. வேண்டுதலுக்குக் கட்டும் நைலான் கயிறு மரம் பருக்கப் பருக்க இறுகுகிறது. அடிமரத்தை ஒட்டி ஏற்றும் விளக்கு பட்டையைச் சுடுகிறது. இலைகள் ஆக்கிய உணவு பட்டையின் உட்புறம் வழியாகவே வேருக்கு இறங்குகிறது. அவ்வழி சுற்றிலும் அடைபட்டால் வேர் பட்டினி கிடந்து மடியும்.

வேர் அறுபட்ட பெருமரம் உடனே வாடாது. சில ஆண்டுகள் கழித்தும் உச்சி காயலாம். ஆகவே முந்தைய திருப்பணியில் எங்கே பள்ளம் தோண்டினார்கள், எப்போது தளம் போட்டார்கள் என்று கேட்பதே முதல் சோதனை. அதற்கு விடை கூறத் தக்கவர்கள், நெடுங்காலமாக அம்மரத்தை வலம் வரும் முதியோரே.

செய்யத் தக்கவை

அடிமரத்தைச் சுற்றியுள்ள தளத்தை வேர் சிதையாமல் அகற்றி மண்ணைத் திறந்துவிடலாம். சருகுகளைப் பரப்பி, கிளை நிழலின் விளிம்பை ஒட்டி ஆழ நனையுமாறு நீர் விடலாம். பட்ட கிளையை மட்டும் அறுக்கலாம். விளக்கைச் சற்றுத் தள்ளி ஏற்றலாம். கயிற்றை மரத்தில் கட்டாமல் அருகில் நட்ட கல்தூணில் கட்டலாம்.

வேண்டுதல் குறைவதில்லை, விருட்சமும் நிலைக்கும்.