ஏழு வருஷத்துப் பிள்ளை

2023 ஜூன் மாதம். “அனிருத் சென்னையை விட்டுப் போறாராம்” என்று மாகறல் டீக்கடையில் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் பதறிப்போனார். “அப்ப ‘ஜெயிலர்’ பாட்டு?” என்றார்.

அவர்மேல் தப்பில்லை. தமிழ்நாட்டில் அந்தப் பெயருக்கு ஒரே ஆள்தான், இசையமைப்பாளர். நான் சொன்னது டேராடூன் அனிருத்தை. முழுப்பெயர் அனிருத் தாப்பா. சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணியின் நடுக்கள ஆட்டக்காரர், கேப்டனாகவும் இருந்தவர். 2016-ல் 18 வயதில் வந்தார். 25 வயதில் கொல்கத்தாவின் மோகன் பகானுக்குப் போய்விட்டார். விஷயம் புரிந்ததும் பெரியவர் நிம்மதியாகப் பேப்பருக்குத் திரும்பிவிட்டார். பக்கத்தில் நின்ற என் அக்கா மகனுக்குத்தான் டீ இறங்கவில்லை.

மாகறலில் கால்பந்து ரசிகரா என்று கேட்பீர்கள். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கும் ஊர். சம்பந்தர் பாடிய மாகறலீசுவரர் கோயிலால்தான் வெளியூர்க்காரர்களுக்கு எங்களைத் தெரியும். சாயந்தரமானால் பையன்கள் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுவார்கள், இல்லையென்றால் வாலிபால், கபடி. கோல் போஸ்ட் என்று ஒன்றை இந்தப் பக்கம் தேடித்தான் பார்க்கவேண்டும். ஆனால் டி.வி. எல்லார் வீட்டுக்கும் வந்ததுபோல இந்தியன் சூப்பர் லீக் என்ற ஐ.எஸ்.எல். போட்டியும் வந்தது. கூடவே சென்னையின் அணியின் நீலச் சட்டையும் வந்தது. எங்கள் சாமி உடும்பாக வந்து காட்சி கொடுத்தவர், லிங்கமே உடும்பின் வால் போலத்தான் இருக்கும். எனவே உடும்புப்பிடி எங்கள் ஊருக்குப் புதிதில்லை. பிடித்தவன் விடமாட்டான்.

பிடித்துக்கொள்ள என்ன இருந்தது என்பதுதான் கேள்வி. சென்னையின் அணி பிறந்தது 2014-ல். ஆரம்ப காலத்து ஐ.எஸ்.எல்., இரண்டு மாதக் கூத்து. அக்டோபரில் கொட்டகை போட்டு டிசம்பரில் பிரித்துவிடுவார்கள். முதல் வருஷம் 8 கோல் அடித்து லீக்கிலேயே முதலாவதாக வந்தார் பிரேசிலின் எலானோ. அடுத்த வருஷம் 13 கோல் அடித்தார் கொலம்பியாவின் மென்டோசா. அந்த 2015-ல்தான் கோவாவை அவர்கள் ஊரிலேயே 3–2 என்று வென்று முதல் கோப்பையைத் தூக்கினோம். அடித்தவர்கள் எல்லாம் அடித்துவிட்டுக் கிளம்பினார்கள். யாரும் அழவில்லை. எங்கள் பக்கத்துக் கபடிப் போட்டிகளில் ‘கெஸ்ட் பிளேயர்’ என்று வெளியூர் ஆளைக் கூட்டிவருவார்கள் இல்லையா, அந்தக் கணக்கு. ஆட்டம் முடிந்தால் சாப்பாடு போட்டு வண்டி ஏற்றிவிடுவோம்.

தாப்பா அந்தக் கணக்கில் வந்தவரில்லை. பள்ளிப் பையன் மாதிரி இருந்தார். வந்த கையோடு ஐ-லீகில் ஆட மினர்வா பஞ்சாபுக்குக் கடனாக அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து, பயிற்சியாளர் ஜான் கிரிகரியின் கண்ணில் பட்டு, 2018 மார்ச்சில் கோவாவில் நடந்த அரையிறுதி முதல் சுற்றில் சமன் செய்யும் கோலை அடித்தார். 1–1. மூன்று நாள் கழித்துச் சென்னையில் ஜேஜே இரண்டும், வியாசர்பாடிப் பிள்ளை தனபால் கணேஷ் ஒன்றும் அடித்து 3–0. அடுத்து பெங்களூரை பெங்களூரிலேயே 3–2 என்று வீழ்த்தி இரண்டாவது கோப்பை. அந்த வாரம் என் அக்கா மகன் வீட்டில் தங்கவில்லை. காஞ்சிபுரத்தில் சிநேகிதன் வீட்டு டி.வி. பெரிது.

ஜெயித்த கதையை விடுங்கள். மறு வருஷம் நடப்புச் சாம்பியன் கடைசி இடத்துக்குப் போனது. லீக் முழுக்க இரண்டே வெற்றி, 9 புள்ளி. ரசிகன் யார் என்று அந்த வருஷம்தான் தெரிந்தது. அந்த சீசனுக்கு நடுவில், 2019 ஜனவரியில், அபுதாபியில் ஆசியக் கோப்பை. தாய்லாந்துக்கு எதிராக இந்தியா 4–1. முதல் இரண்டும் சேத்ரி. மூன்றாவது தாப்பா: உதாந்தா தட்டிக்கொடுத்த பந்தை வேகமாக அடிக்காமல், முன்னால் ஓடிவந்த கோல்கீப்பர் தலைக்கு மேலே மெதுவாகத் தூக்கிப் போட்டார். அவ்வளவு அவசரத்தில் அந்த நிதானம் இருபது வயதுப் பையனுக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. நான்காவது, மாற்று ஆளாக இறங்கிய சில நிமிஷத்தில் ஜேஜே. ஆசியக் கோப்பையில் 1964-க்குப் பிறகு இந்தியா பார்த்த முதல் வெற்றி. அதில் பாதி கோல் நம் அணிக்காரர்கள் போட்டது. லீக்கில் கடைசி இடம் என்றால் என்ன?

ஜேஜே லால்பெக்லுவாவைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. மிசோராம்காரர். முதல் சீசனிலிருந்து 2020 வரை இங்கேதான் இருந்தார். ஐ.எஸ்.எல்.லில் சென்னைக்காக 23 கோல். காயத்தோடு ஒரு வருஷம் உட்கார்ந்துவிட்டு ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். பிறகு ஆட்டத்தை விட்டு அரசியலுக்குப் போய் 2023-ல் மிசோராம் சட்டமன்ற உறுப்பினரே ஆகிவிட்டார். அவர் போனபோதும் வலித்தது, ஆனால் அது வேறு வலி. காயம், வயசு, கொரோனா என்று காரணம் சொல்லித் தேற்றிக்கொள்ள முடிந்தது. தாப்பா போனபோது அப்படி ஒரு சாக்கும் கையில் இல்லை. கால் நன்றாக இருந்தது, வயசும் இருந்தது.

இதில் எனக்கு மட்டும் பட்ட ஓர் அநியாயம் உண்டு. 2020 பிப்ரவரி 29. நேரு ஸ்டேடியத்தில் அரையிறுதி, மறுபடியும் கோவா. பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சென்ட்ரலைத் தாண்டி, ரிப்பன் கட்டடத்தை ஒட்டிப் பெரியமேட்டுக்கு நடந்து போகும்போதே நீலச் சட்டைகள் கண்ணில் பட ஆரம்பித்துவிடும். உள்ளே போனால் ஓட்டப்பந்தயத் தடம் குறுக்கே கிடக்கும். ஆட்டக்காரர் முகம் தெரியாது. நடையை வைத்துத்தான் யார் என்று சொல்லவேண்டும். தாப்பா தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே ஓடுவார், அதனால் சுலபம். அன்று 4–1 என்று அடித்தோம், இரண்டாவது கோல் அவருடையது. ‘பி ஸ்டாண்ட் புளூஸ்’ கூட்டத்தின் டிரம் சத்தமும் ‘சூப்பர் மச்சான்ஸ்’ கூட்டத்தின் கத்தலும் மாறி மாறி வந்து காது அடைத்துப்போனது. அடுத்த சுற்றில் கோவாவில் 4–2 என்று தோற்றும் மொத்தக் கணக்கில் 6–5 என்று இறுதிக்குப் போனோம். இறுதிப் போட்டி மார்ச் 14. கொரோனாவால் கோவாவில் காலி மைதானம். கொல்கத்தாவின் ஏ.டி.கே.யிடம் 3–1 என்று தோல்வி.

அதற்கப்புறம் இரண்டு சீசன் முழுவதும் கோவாவிலேயே, ஆளில்லாத மைதானங்களில் நடந்தன. 2021-22-ல் தாப்பாவைக் கேப்டனாக்கியதும் அங்கேதான். மீசை முளைக்கும் முன் வந்த பிள்ளை கேப்டன் பட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கியதைச் சென்னையில் ஒருவரும் நேரில் பார்க்கவில்லை. 2022 அக்டோபரில்தான் அணி ஊர் திரும்பியது. அந்த ஒரு சீசன் ஆடி, 8-ஆம் இடத்தில் முடித்து, அடுத்த ஜூனில் போய்விட்டார். ஏழு வருஷம் என்று சொல்கிறோமே, அதில் இரண்டு சீசன் கையருகே இல்லை. கல்யாணப் பெண்ணை மறுவீடு அழைத்து, வந்த வேகத்தில் அனுப்பிவைத்ததுபோல.

என் காதில் விழுந்த கோபத்தில் தாப்பாவுக்கு வந்த பங்கு குறைவு. ‘கேப்டனையே புடிச்சு வைக்கத் தெரியலையா?’ என்று நிர்வாகத்தைத்தான் கேட்டார்கள். ஒரு வருஷம் முன்னால்தான் இன்னொரு ஆட்டக்காரர் சாங்டேயையும் மும்பைக்கு விட்டிருந்தோம். சிலர் ‘போனா போகட்டும், காசுக்குத்தானே’ என்றார்கள். இந்த வாதம்தான் எனக்கு இடிக்கிறது. எங்கள் பக்கத்துப் பையன்களில் பாதிப்பேர் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகிறவர்கள். மாசம் இரண்டாயிரம் கூடக் கிடைத்தால் கம்பெனி மாறுவார்கள். யாரும் துரோகி என்று சொல்வதில்லை, பார்ட்டி கேட்பார்கள். என் அக்கா மகனே அப்படி மாறியவன்தான். அதை எடுத்துச் சொன்னேன். “நான் போனதுக்கு யாரு மாமா அழுதா?” என்று திருப்பிக் கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை.

கோபத்துக்கு உலகத்தில் உதாரணம் நிறைய இருக்கிறது. 2000-ல் பார்சிலோனாவை விட்டு ரியல் மாட்ரிட்டுக்குப் போன ஃபிகோ, பழைய மைதானத்துக்கு வந்தபோது பன்றித் தலையை வீசினார்கள். நம்மூர் கோபம் வேறு மாதிரி. 2022 பிப்ரவரி ஐ.பி.எல். கிரிக்கெட் ஏலத்தில் ‘சின்ன தல’ ரெய்னாவை எடுக்க சி.எஸ்.கே. கையையே தூக்காதபோது, ரசிகர்கள் ரெய்னாவைத் திட்டவில்லை, அணியைத்தான் திட்டினார்கள். நமக்குப் போகிறவர்மேல் கோபம் வராது, அனுப்பினவர்மேல்தான் வரும்.

தாப்பா போன இடமும் ஒரு காரணம். மோகன் பகான் தொடங்கியது 1889-ல், நம்மைவிட 125 வருஷம் மூத்தது. அங்கே தாத்தா எந்த அணியோ பேரனும் அந்த அணி. ஆட்டக்காரர் வருவார், போவார், எதிரணிக்கே போய்த் திரும்பியும் வருவார். கிருஷானு டே மோகன் பகானிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்குப் போய், பல வருஷம் கழித்து மறுபடி மோகன் பகானுக்கே வந்தார். கிளப் அசையாது. நமக்கு அப்படிப் பரம்பரை ஏது? இங்கே கிளப்புக்கு வயசு கொடுத்ததே தாப்பா மாதிரி இரண்டு மூன்று பேர்தான். சுவரில் மாட்ட நமக்கிருந்த பழைய படம் அவர்களுடையது. ‘இது வருஷா வருஷம் கலைத்துப் போடும் டோர்னமென்ட் டீம் இல்லை’ என்று வாலிபால் பையன்களிடம் வாதாட என் அக்கா மகனுக்கு இருந்த ஒரே சாட்சி அவர். சாட்சியே கொல்கத்தா போய்விட்டது.

போனவருக்குக் குறையில்லை. போன கையோடு டூராண்ட் கோப்பை, பிறகு லீக் ஷீல்டு, அடுத்த சீசனில் ஷீல்டும் கோப்பையும் சேர்த்தே. நாம் கொடுத்திருக்க முடியாதவை. 2023 அக்டோபரில் பச்சை-மெரூன் சட்டைக்காரர்கள் சென்னைக்கு வந்து 3–1 என்று அடித்துவிட்டுப் போனார்கள். ஆனால் 2024 மார்ச் 31-ல் கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் 2–2 என்று இருந்த ஆட்டத்தில், கூடுதல் நேரமும் முடியப்போகும் கடைசிக் கட்டத்தில் இர்ஃபான் யாத்வாட் கோல் போட்டு 3–2 ஆக்கினார். அன்று ராத்திரி மாகறலில் ஒரு வீட்டிலிருந்து வந்த கத்தலில் தெரு நாய்கள் எல்லாம் எழுந்துவிட்டன.

அதற்கடுத்து வந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. 2025-ல் லீக்கை நடத்தும் ஒப்பந்தம் சிக்கலில் மாட்டியது. சீசன் எப்போது, நடக்குமா என்றே தெரியாத நிலை. ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளையெல்லாம் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. ஆட்டக்காரர் போனால் எந்த ஊருக்கு என்று கேட்கலாம். கிளப் நின்றுவிட்டால் யாரிடம் கேட்பது? அந்தச் செய்தி வந்த அன்று தாப்பா பேச்சே எடுபடவில்லை.

அக்டோபர் கடைசியில் சூப்பர் கோப்பைக்கு எப்படியோ அணி கோவா போய்ச் சேர்ந்தது. முதல் எதிரி, வேறு யார், மோகன் பகான்தான். 2–0 என்று தோற்றோம். அடுத்து ஈஸ்ட் பெங்காலிடம் 4–0. இரண்டையும் கடைசி நிமிஷம் வரை பார்த்தோம்.